பெட்டிக்குச் சோதனை உண்டு. செட்டுக்குச் சோதனை எங்கே?

விருதுநகர் பஜாரில் ஒரு தொழிலாளி மின்சார இஸ்திரிப் பெட்டி வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் என்ன காட்டுகிறார்? ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் காட்டுகிறார். முத்திரைக்குக் கீழே ‘சி.எம்./எல்.’ என்று தொடங்கும் லைசென்ஸ் எண் இருக்கும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு எந்தக் கம்பெனி, எந்த ஊரில் செய்தது என்று கண்டுபிடித்துவிடலாம். கம்பியின் உறை தரமானதா, ஷாக் அடிக்குமா, எவ்வளவு சூடு தாங்கும் என்றெல்லாம் சோதித்த பிறகுதான் முத்திரை விழும். நல்லது. ஷாக் அடித்துச் சாக எவருக்கும் இஷ்டமில்லை. அப்படிப்பட்ட சோதனை வேண்டாம் என்று நாம் ஒருநாளும் கூறமாட்டோம்.

ஆனால் அதே கடைத்தெருவில் தீபாவளிக்கு விற்கும் பட்டாசுப் பெட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதற்கும் சோதனைகள் உண்டு. ஒன்றல்ல, பல உண்டு. வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபெல்லுக்கு மேல் சத்தம் இருக்கக் கூடாது என்று 1999இல் மத்திய சர்க்கார் அறிவிக்கை போட்டது. கந்தகத்தோடு குளோரேட் சேர்த்துப் பட்டாசு செய்யக் கூடாது என்று அதற்கு முன்பே 1992இல் தடை வந்தது. 2018 அக்டோபர் 23இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது: இனிப் பசுமைப் பட்டாசுதான், பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது. மூன்று ஆண்டுகள் கழித்து 2021இல் அதையே மீண்டும் அழுத்திச் சொன்னது. 2023இல் பேரியத்துக்கு அனுமதி கேட்டுப் போன உற்பத்தியாளர்களைத் திருப்பியனுப்பியது. நாக்பூரிலுள்ள நீரி ஆராய்ச்சி நிலையம் புகையைக் குறைக்கும் கலவைகளைத் தயாரித்துத் தந்தது. பெட்டியில் இப்போது பசுமை முத்திரை இருக்கிறது. கியூ.ஆர். குறியும் இருக்கிறது, போனைக் காட்டினால் சரக்கின் ஜாதகம் வந்து விழும்.

வாங்குபவனின் காதைக் காப்பாற்ற நான்கு மீட்டர் தூரத்தில் கருவி வைத்து அளக்கிறார்கள். நாம் கேட்கிறோம்: அந்த வெடிக்கு மருந்து அடைக்கும் பெண்ணின் கை அதிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? நான்கு அங்குலம் கூட இல்லையே! அங்கே எந்தக் கருவி வைத்திருக்கிறார்கள்? கியூ.ஆர். குறியைக் காட்டினால் எந்த அறையில், எத்தனை பேர் நெருக்கி உட்கார்ந்து, எத்தனை கிலோ மருந்தைச் சுற்றி வைத்துக்கொண்டு இதைச் செய்தார்கள் என்று தெரியுமா? தெரியாது. சரக்கின் ஜாதகம் இருக்கிறது. செய்தவளின் ஜாதகம் ஆஸ்பத்திரியில்தான் எழுதப்படுகிறது.

விதி இல்லையா?

விதி இல்லாமல் இல்லை. வெள்ளைக்காரன் காலத்து 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் இன்னமும் நம்மை ஆண்டுகொண்டிருக்கிறது. அதன் கீழே 2008இல் புதுப்பித்த விதிகள் இருக்கின்றன. மருந்து புழங்கும் ஒரு செட்டில் நான்கு பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது. செட்டுக்கும் செட்டுக்கும் இடைவெளி வேண்டும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். வழியில் ஒன்றும் கிடக்கக் கூடாது. இரும்புச் சாமான் உள்ளே வரக் கூடாது. இன்ன அறையில் இத்தனை ஆள், இத்தனை கிலோ என்று சுவரிலேயே எழுதியிருக்க வேண்டும். மரத்தடியிலும் வராந்தாவிலும் மருந்து வேலை பார்க்கவே கூடாது. லைசென்ஸ் எடுத்தவன் அதை இன்னொருவனுக்குக் கைமாற்றக் கூடாது.

படித்துப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது! சட்டப் புத்தகத்துக்கு வெளியே என்ன நடக்கிறது?

2012 செப்டம்பர் 5. சிவகாசியை அடுத்த முதலிப்பட்டி. பட்டப்பகலில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. சுமார் 40 உயிர்கள் போயின. அங்கே செத்தவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளிகள் கூட அல்ல. முதல் வெடிச் சத்தம் கேட்டு, உள்ளே மாட்டிக்கொண்டவர்களைத் தூக்கிவர ஓடிய அக்கம்பக்கத்து ஊர் ஜனங்கள்! அடுத்த வெடி அவர்களைத் தின்றது. அளவுக்கு மீறி மருந்து குவிந்திருந்ததால்தான் ஒரு தீயோடு நிற்காமல் அறை அறையாகத் தாவியது. தீபாவளி ஆர்டர் நெருக்கும் மாதம். நூற்றுக்கணக்கானோர் உள்ளே வேலையில் இருந்தார்கள். பிறகு ஒரு விஷயம் வெளிவந்தது. அந்த ஆலையின் லைசென்சை முந்தின நாள்தான் நிறுத்தி வைத்திருந்தார்கள்! குறை கண்டார்கள், தாளில் எழுதினார்கள், கையெழுத்துப் போட்டார்கள். தாள் அலுவலகத்தில் இருந்தது. ஜனங்கள் செட்டில் இருந்தார்கள். லைசென்ஸ் நிறுத்தப்பட்ட ஆலையின் வாசலில் ஒரு பூட்டுப் போட எத்தனை உத்தியோகஸ்தர்கள் வேண்டும்?

முதலிப்பட்டி முதலாவதுமல்ல, கடைசியுமல்ல. 1990 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு, சிவகாசித் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் 50,000 ரூபாய்க்கு இன்ஷூரன்ஸ் செய்ய வேண்டும் என்று சொன்னது. ஒரு வருஷம் ஆகவில்லை, 1991 ஜூலையில் மீனம்பட்டியில் 39 பேர் மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12இல் சாத்தூருக்குப் பக்கம் அச்சங்குளத்தில் இருபதுக்கு மேல். 2023 அக்டோபர் 17இல் ரெங்கபாளையத்திலும் கிச்சநாயக்கன்பட்டியிலும் ஒரே நாளில் 14. 2024 பிப்ரவரி 17இல் வெம்பக்கோட்டையை அடுத்த ராமுதேவன்பட்டியில் 10. பிறகு 2024 மே 9 செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1 சின்னக்காமன்பட்டி. நம் மாவட்டத்து ஊர்களின் பெயர்களை வெளியூர்க்காரன் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ளும் விதம் இதுதான்!

‘கவனக்குறைவு’ என்ற பழி

ஒவ்வொரு தடவையும் ஒரே பல்லவிதான்: ‘தொழிலாளர்கள் கவனக்குறைவாக மருந்தைக் கையாண்டதால் உராய்வு ஏற்பட்டு...’ முதலாளிகள் சங்கம் அதைச் சொல்லும். பெரிய பத்திரிகைகள் அதை அப்படியே அச்சடிக்கும். உராய்வு ஏற்பட்டது மெய்தான். அலுமினியப் பவுடரும் உப்பும் கந்தகமும் சேர்ந்த கலவை உராய்ந்தால் தீப்பிடிக்கும். அதற்காகத்தான் அதை வாங்குகிறார்கள். நாம் கேட்பது, உராய்வு ஏன் ஏற்பட்டது என்பது.

கூலி முறையைப் பாருங்கள். மருந்து அடைப்பவருக்கும் மணி மருந்து உருட்டுபவருக்கும் பெரும்பாலும் ரேட்டுக் கூலி. இத்தனை அடைத்தால் இவ்வளவு. நிதானமாகச் செய்தால் வயிறு காயும். அவசரமாகச் செய்தால் உடம்பு வேகும். இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்தைத்தான் முதலாளி தந்திருக்கிறார்! ராஜபாளையம் மில்லில் ரேட்டுக்கு ஓடும் தொழிலாளிக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் மில்லில் இழை அறுந்தால் முடி போட்டுவிடலாம்.

வெயில் ஏறுமுன் மருந்து வேலையை முடித்துவிட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். கலந்த மருந்தை மீதி வைக்கக் கூடாது. ஈரம் பட்டோ வெப்பம் பட்டோ அது தானாகவே சூடேறும் என்பதும் தெரியும். ஆனால் மத்தியானம் போர்மேன் வந்து நிற்கிறார். “அக்கா, சாயங்காலம் லாரி போகணும், இன்னிக்கு ஒரு நாளைக்கு நெருக்கி உக்காருங்க, மரத்தடியிலயும் ரெண்டு பேர் உக்காருங்க” என்கிறார். ‘இன்னிக்கு ஒரு நாள்’ என்பது ஆடியில் தொடங்கி ஐப்பசி வரை நீளும். ஐந்தாவது ஆளாக அந்தச் செட்டுக்குள் நுழைந்தது யாருடைய கவனக்குறைவு? மாட்டேன் என்று எழுந்து போனால் மறுநாள் காலையில் வேன் அவள் வாசலில் நிற்காது.

வெடித்த பிறகு போலீஸ் வருகிறது. முதல் பக்கத்தில் ‘போர்மேன் கைது’ என்று செய்தி. மாதச் சம்பளத்துக்கு இருக்கும் அந்த மனிதருக்கு ஆர்டர் எடுக்கவும் அதிகாரமில்லை, ஆர்டரைத் திருப்பவும் அதிகாரமில்லை. அவருக்குக் குற்றமே கிடையாது என்று நாம் வாதாடவில்லை. அவருக்கு உத்தரவு போட்டவர் எங்கே என்றுதான் கேட்கிறோம்.

லைசென்ஸ் ஒருவர் பெயரில். நெருப்பு இன்னொருவர் கையில்

இப்போது விஷயத்தின் வேருக்கு வருவோம். இந்த வட்டாரத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பட்டாசு ஆலைகள் இருக்கின்றன. ‘நாக்பூர் லைசென்ஸ்’, ‘சென்னை லைசென்ஸ்’, ‘டி.ஆர்.ஓ. லைசென்ஸ்’ என்று ஜனங்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பெரிய அளவுக்கு மத்திய சர்க்காரின் வெடிபொருள் துறை. சிறிய அளவுக்கு மாவட்ட வருவாய் அலுவலர்.

லைசென்ஸ் எடுத்தவர் என்ன செய்கிறார்? பல இடங்களில் தாமே உற்பத்தி செய்வதில்லை. ஆலையைக் குத்தகைக்கு விடுகிறார். குத்தகைக்காரர் அறை அறையாகப் பிரித்து உள்குத்தகைக்கு விடுகிறார். அச்சங்குளம் விபத்தைப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தபோது இந்த உள்குத்தகைச் சங்கிலிதான் வெளிச்சத்துக்கு வந்தது.

விவசாயக் கூலிகளே, உங்களுக்கு இது புதிதா? பட்டா ஒருவர் பெயரில், குத்தகை இன்னொருவர், உழுகிறவன் மூன்றாமவன் என்ற கதையை நீங்கள் பரம்பரையாகப் பார்த்தவர்கள். அங்கே ஒவ்வொரு கைக்கும் லாபம் போனபின் உழுகிறவனுக்குப் பதர் மிஞ்சுகிறது. இங்கே ஒவ்வொரு கைக்கும் வாடகை போனபின் பாதுகாப்புக்குச் செலவழிக்கக் காசு மிஞ்சுவதில்லை. நாலு செட்டை வாடகைக்கு எடுத்தவன் ஒரே சீசனில் போட்ட பணத்தையும் லாபத்தையும் எடுத்தாக வேண்டும். அடுத்த வருஷம் அந்தச் செட் அவனுக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ! ஆகவே நாலு பேர் இடத்தில் எட்டுப் பேர். குறைந்த மருந்து இருக்க வேண்டிய இடத்தில் மூட்டை மூட்டையாக மருந்து. இப்படிப்பட்டவனிடம் போய், இடிதாங்கி சரியாக இருக்கிறதா, ரப்பர் விரிப்பு கிழிந்திருக்கிறதா என்று கேட்டால் சிரிக்க மாட்டானா?

கிராமங்களில் வீட்டுக்குள் கருந்திரி செய்கிறார்களே, அது சட்டவிரோதம், அதனால்தான் விபத்து என்று சில கனவான்கள் பேசுகிறார்கள். சட்டவிரோதம்தான், ஆபத்தும்தான். குழந்தை தூங்கும் அறையில் மருந்து வைத்திருப்பதை யார் ஆதரிக்க முடியும்? ஆனால் ஒரு சிறு விஷயம்: எந்த வீட்டுக்காரியும் கருந்திரியைச் சாப்பிடுவதற்காகச் செய்வதில்லை. வாங்குபவன் யார்? திரி வீட்டிலிருந்து புறப்பட்டு எந்தக் கேட்டுக்குள் போகிறது? வீட்டைச் சோதிக்கிற போலீஸ் அந்தக் கேட் வரைக்கும் நடந்து பார்க்கட்டும்.

தண்டனையின் விலை

லைசென்ஸ் நிபந்தனையை மீறி வெடிபொருள் செய்தால் சட்டம் என்ன செய்யும்? 1978இல் வெடிபொருள் சட்டத்தில் சேர்த்த 9-பி பிரிவு வைத்த அபராத உச்சவரம்பு ஐயாயிரம் ரூபாய். சிறை மூன்று வருஷம் வரை, அல்லது இந்த அபராதம், அல்லது இரண்டும். ஐயாயிரம் ரூபாய்! தீபாவளிக்கு ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளை ஒரு ராத்திரியில் கொளுத்துகிற தொகை.

தொழிலாளர் சட்டமாவது கை கொடுக்குமா? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு சட்டத் தொகுப்புகள் அமுலுக்கு வந்து அதைக் கொண்டுபோய்விட்டன. பாதுகாப்பு விதியை மீறி உயிர் போனால் அபராதம் ஐந்து லட்சத்துக்குக் குறையக் கூடாது என்று புதுத் தொகுப்பில் எழுதியிருப்பது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ‘இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம்’ என்று எழுதியிருக்கிறது. அந்த ‘அல்லது’ என்ற ஒரு சொல்லுக்குள் புகுந்து எத்தனை கார்கள் கோர்ட்டை விட்டு வெளியே போகும் என்பதைப் பார்க்கத்தான் போகிறோம். இன்னொரு வேடிக்கை: பாக்டரி இன்ஸ்பெக்டர் என்ற பெயரே போய்விட்டது. இனி அவர் இன்ஸ்பெக்டரோடு கூட ‘வசதி செய்து தருபவர்’ ஆம்! யாருக்கு வசதி? தீக்காயத்தோடு மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல் போகிறவளுக்கா?

ஐரோப்பாவில் நெதர்லாந்து என்றொரு சிறிய நாடு. 2000 மே 13இல் அங்கே என்ஷெடே நகரத்தில் ஒரு பட்டாசுக் கிட்டங்கி வெடித்து 23 பேர் செத்தார்கள். ஒரு பேட்டையே தரைமட்டமாயிற்று. அதுவும் முதலாளித்துவ நாடுதான். ஆனாலும் அங்கே அமைத்த விசாரணைக் குழு கம்பெனியோடு நிற்கவில்லை. அனுமதி கொடுத்த நகராட்சியையும், கண்டும் காணாமல் இருந்த சர்க்கார் இலாகாக்களையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டியது. நம் ஊரில்? வெடிபொருள் துறை மாவட்ட நிர்வாகத்தைக் கை காட்டும். மாவட்ட நிர்வாகம் தொழிலகப் பாதுகாப்புத் துறையைக் கை காட்டும். அவர்கள் கை காட்டுவதற்குள் அடுத்த ஊரில் வெடித்துவிடும்.

‘கெடுபிடி செய்தால் தொழில் போய்விடும்’

இதுதான் அவர்களுடைய கடைசி அஸ்திரம். லட்சக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பாயிற்றே என்று கண்ணீர் விடுவார்கள். பிழைப்பு என்பது மெய். கண்மாயில் தண்ணீர் நிற்காத கரிசல் பூமி இது. மழை பொய்த்தால் பருத்தியும் இல்லை, கம்பும் இல்லை. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்ததிலிருந்து இந்த மண்ணுக்கு ஒரு வழி பிறந்தது. அதை யாரும் மறுக்கவில்லை. ‘குட்டி ஜப்பான்’ என்ற புகழையும் வைத்துக்கொள்ளட்டும். தொழில் இருக்க வேண்டும் என்று அவர்களைவிட நாம்தான் அதிகம் விரும்புகிறோம். முதலாளிக்கு வேறு தொழில் உண்டு, நமக்கு இல்லை.

ஆனால் 2018 தீர்ப்புக்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பது ஞாபகமிருக்கிறதா? சரக்கின் மேல் கோர்ட்டு கை வைத்ததும் ஆலைகளை மாதக்கணக்கில் மூடினார்கள். அப்போது எந்த வீட்டு அடுப்பு அணைந்தது? பேரியம் போனால் வேறு கலவை என்று கடைசியில் வழி கண்டார்கள் அல்லவா? சரக்கை மாற்ற முடிந்தவர்களுக்குச் செட்டை மாற்ற முடியாதா? (அந்தப் புதுக் கலவை எப்படி நடந்துகொள்ளும், எதோடு சேர்ந்தால் சீறும் என்று கலக்கிறவனுக்கு யார் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்கள் என்பது தனிக் கேள்வி.)

நான்கு பேர் என்ற விதியை நடத்தினால் உற்பத்திச் செலவு கூடும். பெட்டி விலை சில ரூபாய் ஏறும். அவ்வளவுதான். பம்பாயிலும் டில்லியிலும் வாங்குகிறவன் அதைக் கொடுத்துவிட்டுப் போகிறான்.

அச்சங்குளம் வழக்கில் பசுமைத் தீர்ப்பாயம் 2021 ஜூனில் இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் என்று நிர்ணயித்தது. ஆனால் பிறகு நடந்த விபத்துகளில் மந்திரிகள் மாலையோடு வந்து அறிவித்தது மூன்று லட்சம், நான்கு லட்சம். ஓர் உயிரின் விலை விபத்துக்கு விபத்து மாறுவானேன்? அந்த இருபது லட்சத்தைக் கருணைத் தொகையாக அல்ல, சட்டப்படியான கடனாக லைசென்ஸ்தாரரிடமிருந்து வசூலிக்க வேண்டும். லைசென்ஸ் கொடுக்கும்போதே அதற்கான ஈட்டுத் தொகையைக் கட்டச் சொல்லட்டும்.

மருந்து புழங்கும் அறைகளில் ரேட்டுக் கூலியை ஒழித்து நாள் கூலி தர வேண்டும். நாலு பேர் இருக்கும் அறைக்கு ஐந்தாவது ஆளை அனுப்பினால் ஐந்து பேரும் முழு நாள் சம்பளத்தோடு வெளியே வந்துவிட உரிமை வேண்டும். அதைக் கவனிக்கத் தொழிலாளர் தேர்ந்தெடுத்த கமிட்டி ஒவ்வொரு ஆலையிலும் வேண்டும். மில்களில் இயந்திரத்துக்கு மூடி போட வைத்தது இன்ஸ்பெக்டர் மட்டுமல்ல, சங்கமும்தான் என்பது மில் தொழிலாளிக்குத் தெரியும். நின்றுபோன லைசென்சின் விவரம் அன்றைக்கே கேட்டில் ஒட்டப்பட்டு, ஊருக்குத் தண்டோராவும் போடப்பட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த முத்திரை. பசுமை முத்திரை தரும் அதிகாரிகள் இனிப் பெட்டியை மட்டும் சோதித்துவிட்டுப் போகக் கூடாது. செட்டைச் சோதியுங்கள். ஆள் கணக்கும் மருந்துக் கணக்கும் சரியாக இல்லாத ஆலைக்கு முத்திரை இல்லை, முத்திரை இல்லாத சரக்குக்குச் சந்தை இல்லை என்று ஒரு வரி உத்தரவு போடுங்கள். ஒவ்வொரு பெட்டியின் கியூ.ஆர். குறியிலும் லைசென்ஸ்தாரர் பெயரோடு, உண்மையில் அந்த அறையை நடத்துகிறவர் பெயரும் ஏறட்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், பார்லிமெண்டு கூட வேண்டாம். சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று புது சீசனுக்குப் பூஜை போட்டு விற்பனையைத் தொடங்குகிறார்கள். அந்தப் பூஜைக்கு முன்னால் இந்த உத்தரவு வெளிவந்தாக வேண்டும்.